இடது பின்சக்கரத்தில் ஒரு சிவப்பு அம்பு

நைனா,

நேற்று சாயங்காலம் சென்னீர்குப்பம் சிக்னலில் நிற்கும்போது உன் வண்டியின் வாசம் வந்தது. வாசம் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். நாற்றம்தான். சூடேறின பிரேக் லைனர் நாற்றம். ரப்பரும் இஸ்திரிப் பெட்டியில் தீய்ந்த துணியும் ஒன்றாகக் கருகினால் எப்படி இருக்குமோ அப்படி. மெட்ரோ தூண்களுக்கு நடுவே நூறு வண்டி புகை கக்கிக்கொண்டு நின்றாலும் அந்த நாற்றம் மட்டும் எனக்குத் தனியாகத் தெரியும். நான் பைக்கில் இருந்தேன். எனக்கு முன்னால் ஒரு வெள்ளை கார். பச்சை விழுந்ததும் ஒட்டிப் போய்க் கண்ணாடியைத் தட்டி ஓரங்கட்டச் சொன்னேன்.

என் வயசுதான் இருக்கும் அவனுக்கு. பதறிப்போய் இறங்கினான்.

"இன்னாண்ணா, ஒரசிட்டனா?"

"அதெல்லாம் இல்ல. ஹேண்ட்பிரேக்க எறக்காம ஓட்டினு வரியா?"

"இல்லண்ணா, லைட்டு எரியலயே. நீயே பாரு."

இந்த வசனம் எனக்கு மனப்பாடம். வேறொருவர் வாயிலிருந்து வந்து, நான் நம்பாமல் போன வசனம். இந்தத் தடவை நம்பினேன். குனிந்து புறங்கையை இடது பின்சக்கரத்துக்கு அருகே கொண்டுபோனேன். தொட வேண்டிய அவசியமே இல்லை, அனல் அடித்தது. சுற்றிப் போய் வலது சக்கரத்தைப் பார்த்தேன். வெதுவெதுப்பு, அவ்வளவுதான்.

பர்ஸிலிருந்து உன் ஸ்டிக்கர் தாளை எடுத்தேன். ஒரு சிவப்பு அம்பைப் பிய்த்து, சக்கரத்தை நோக்கி முனை இருக்கும்படி அவன் கார் மேல் ஒட்டினேன்.

"அரை மணி நேரம் ஆற வுட்டு மெதுவா போ. மெக்கானிக்கிட்ட இந்த எடத்தக் காட்டு. கேபிள மட்டும் ஏதோ பண்ணிட்டு 'சரியா போச்சு'ன்னு சொன்னா ஒத்துக்காத. டிரம்மக் கழட்டச் சொல்லு."

"நீ மெக்கானிக்காண்ணா?"

"இல்ல. செக்கரோட புள்ள."

அவனுக்குப் புரியவில்லை. டிக்கெட் செக்கர் என்று நினைத்திருப்பான். உனக்குப் புரியும்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் இருபத்தெட்டு வருஷம் செக்கிங் டேபிளில் நின்றவன் நீ. சட்டை தைத்து வரும், நீ விரித்துப் பார்ப்பாய், தப்பு இருக்கும் இடத்தில் ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்புவாய். அதை 'ஆல்டர் பீஸ்' என்பாய். திருத்தி மறுபடி வந்தால், ஒட்டின கையாலேயே ஸ்டிக்கரைப் பிய்த்து 'பாஸ்' போடுவாய். எனக்கு அது ஒரு வேலையாகவே படவில்லை. நான் ஆட்டோமொபைல் டிப்ளமா. கார் பிரேக் பாகங்கள் செய்கிற கம்பெனியில் டெஸ்டிங் பிரிவு. நீ துணியில் நூல் பிரிந்திருக்கிறதா என்று பார்க்கிறவன், நான் மனித உயிரைக் காப்பாற்றுகிறவன். அப்படி ஒரு திமிர் எனக்கு இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

ரிட்டையர் ஆன கையோடு கார் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்று நீ சொன்னபோது முதலில் சிரித்தது நான். அடுத்தது அம்மா. "பேரன் எடுக்கற வயசுல எல்லு போர்டா? தெருவுல தல காட்ட முடியுமா?" என்றாள். ஆனால் காரணமே அவள் முட்டிதான் என்று அவளுக்கும் தெரியும். பஸ் படி ஏற முடியாது, ஆட்டோ குலுக்கினால் ராத்திரி முழுக்க அனத்துவாள். சனிக்கிழமை தோறும் வேப்பம்பட்டுக்குப் போய்ப் பெரியம்மாவோடு ஒரு மணி நேரம் வம்பளக்காவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. முட்டி போனதிலிருந்து அதுவும் போயிற்று. அதற்காகத்தான் நீ ஐம்பத்தெட்டு வயதில் ஸ்டியரிங்கைப் பிடித்தாய். பத்து வருஷத்துப் பழைய வண்டி. தெருவே வேடிக்கை பார்த்தது. "அண்ணாத்தே, ஆக்சிலேட்டர் அந்தப் பக்கம்!" என்று டீக்கடையிலிருந்து கத்துவார்கள். நீ ஜன்னலை இறக்கி, "தெரியும்டா, உன்ன ஏத்தறதுக்குத்தான் தேடினு கீறேன்" என்பாய்.

லைசென்ஸ் வாங்கினாய். முதல் தடவையே. அதை நான் பாராட்டவில்லை. இப்போது பாராட்டுகிறேன், கேட்டுக்கொள்.

உனக்கு வண்டியில் ஒரே ஒரு நம்பிக்கை, ஹேண்ட்பிரேக். சிக்னலில் போடுவாய், பெட்ரோல் பங்கில் போடுவாய், ஆடு குறுக்கே வந்தால்கூடப் போடுவாய். அதற்கு நம் வாசலும் காரணம். ரோடு போடப் போட வீடு பள்ளத்துக்குப் போய்விட்டது. வாசலிலிருந்து ரோட்டுக்கு ஒரு சிமெண்ட் சாய்வு, அதில் மூக்கை ரோட்டுப் பக்கம் வைத்து வண்டியை நிறுத்த வேண்டும். பிரேக் விட்டால் நேராக நம் கேட்டுக்குத்தான் வரும்.

ஒருநாள் வந்தது. நீ லீவரைக் 'கடக் கடக்' என்று மேலே கடைசிப் பல் வரைக்கும் இழுத்துவிட்டுத்தான் இறங்கியிருக்கிறாய். அப்படியும் வண்டி மெதுவாகப் பின்னுக்கு உருண்டு கேட்டை நெளித்தது. மாவு வாளியோடு நின்றிருந்த அம்மா முட்டி வலியை மறந்து குதித்தாள். "டாக்டரு குடுத்த மாத்திரைக்குக் கூட இப்படி குதிக்கலடா" என்று என்னிடம் போனில் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை, நான் குடியிருக்கிற ஆவடியிலிருந்து வந்தேன். லீவரை இழுத்துப் பார்த்தேன், பத்துப் பல் ஏறியது, அவ்வளவு தளர்ச்சி. லீவருக்குக் கீழே இருக்கிற நட்டைத் திருகிக் கேபிளை இறுக்கினேன். மூன்று பல்லிலேயே கல் மாதிரி பிடித்தது. பத்து நிமிஷம். கையைக்கூட அழுக்காக்கவில்லை. "அவ்ளோதான் நைனா, இதுக்குப் போய் பயந்துகினு" என்று பைக்கைக் கிளப்பிக்கொண்டு போனேன்.

ரெண்டு வாரம் கழித்து நீ சொன்னாய்: "டேய், வண்டி முன்ன மாதிரி ஓட மாட்டுது. பின்னாலேர்ந்து யாரோ சட்டையப் புடிச்சி இழுக்கற மாதிரி கீது."

"ஹேண்ட்பிரேக்க முழுசா எறக்கு."

"எறக்கிட்டுதான்டா ஓட்றேன். லைட்டு எரியல பாரு."

"பயந்துகினு ஓட்டினா அப்படித்தான் இருக்கும்."

லைட்டு லீவரைத்தான் பார்க்கும், சக்கரத்தைப் பார்க்காது. இதை நான் டெஸ்டிங் பிரிவில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு வாய் வலிக்கச் சொல்லியிருக்கிறேன். உன்னிடம் அது ஞாபகம் வரவில்லை. ஏனென்றால் என் கணக்கில் தப்பு வண்டியில் இல்லை, உன்னிடம் இருந்தது.

அப்புறம் வேப்பம்பட்டு. பெரியம்மா வீட்டு வாசலுக்குப் போய்ச் சேரும்போது இடது பின்சக்கரத்திலிருந்து புகை. தெருவே கூடிவிட்டது. நான் பைக்கில் வந்து பார்த்தபோது புகை அடங்கியிருந்தது. என் கோபம் அடங்கவில்லை. பெரியம்மா, அவர் மருமகள், பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லோர் முன்னாலும் கேட்டேன். "ஹேண்ட்பிரேக்க போட்டுகினே வந்துகீற, புகை வராம பன்னீரா வரும்? அம்மாவ உள்ள வெச்சிகினு! போதும் நைனா. இனிமே நீ ஓட்டாத. சாவியக் குடு."

நீ கொடுத்தாய். பெரியம்மா மட்டும், "வுடுப்பா, பெரிய மனுசன்" என்றார். நான் சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். அது எவ்வளவு கனம் என்று அன்றைக்குத் தெரியவில்லை.

வண்டியை ஆறவிட்டு, ஒரு ஆளை வைத்து ஓட்டி வந்து நம் வாசலில் நிறுத்தச் சொன்னேன். அடுத்த சனிக்கிழமை அம்மா வேப்பம்பட்டுக்குப் போகவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும் போகவில்லை. டீக்கடைக்காரர், "இன்னா அண்ணாத்தே, வண்டி ரெஸ்ட்டா?" என்றதற்கு நீ, "வண்டிக்கு இல்லபா, எனக்குத்தான்" என்றாயாம். அம்மாதான் சொன்னாள்.

மூன்றாவது ஞாயிறு நான் வந்தபோது நீ சட்டை மாற்றிக்கொண்டு தயாராக இருந்தாய். கம்பெனிக்குப் போகிறபோது போடுகிற அரைக்கைச் சட்டை. "ஒரே ஒரு தபா நீ ஓட்டு. ஆவடி ரோடு வரைக்கும் போய்ட்டுத் திரும்பலாம். நான் பக்கத்துல சும்மா ஒக்காந்துகினு வரேன். ஹேண்ட்பிரேக்க நீயே எறக்கு, நான் தொட மாட்டேன்" என்றாய்.

எனக்குப் பொறுமை கிடையாது, உனக்குத் தெரியும். முனகிக்கொண்டே ஓட்டினேன். லீவரை நானே தரைவரைக்கும் அழுத்தி இறக்கினேன். நீ கையிரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு கோயிலில் உட்கார்ந்திருப்பவன் மாதிரி வந்தாய். திரும்பி வந்து வாசலில் நிறுத்தினதும் இறங்கி, வலது பின்சக்கரத்தில் புறங்கையை வைத்தாய். சுற்றி வந்து இடது சக்கரத்தில் வைக்கப் போய், வெடுக்கென்று எடுத்தாய். என்னைக் கூப்பிட்டாய்.

"தொட்டுப் பாரு. ரெண்டையும்."

பார்த்தேன்.

"இப்ப ஓட்டினது யாரு?"

நான் மறுபடி இடது சக்கரத்தருகே புறங்கையைக் கொண்டுபோனேன்.

"சட்டைல ஒரு கைய மட்டும் அளந்தா அளவு சரியாத்தான் கீற மாதிரி இருக்கும்டா. ரெண்டு கையயும் சேத்து வெச்சிப் பாத்தாதான் எது கோணல்னு தெரியும். தப்பு என்கிட்ட இருந்தா ரெண்டு வீலும் சுடணும். ஒண்ணு மட்டும் ஏன் சுடுது?"

சொல்லிவிட்டுச் சட்டைப் பையிலிருந்து ஸ்டிக்கர் தாளை எடுத்தாய். ரிட்டையர் ஆகும்போது டேபிள் டிராயரில் மிச்சமிருந்ததை ஞாபகத்துக்கு எடுத்து வந்திருந்தாயாம். ஒரு சிவப்பு அம்பை இடது பின்சக்கரத்துக்கு மேலே ஒட்டினாய். "ஆல்டர் பீஸு. பிரிச்சிப் பாரு."

நைனா, நான் சம்பளம் வாங்குவதே இதற்குத்தான். ஒரு பிரேக் இழுக்கிறதென்றால் ஓட்டுகிற ஆளை மாற்று, மற்றதையெல்லாம் அப்படியே வை, இடதையும் வலதையும் ஒப்பிடு. எங்கள் டெஸ்டிங் அறையில் அதற்கு மெஷின் இருக்கிறது. நீ அதை ஒரு புறங்கையை வைத்துச் செய்தாய். அதுவும் உன்னைச் சந்தேகப்பட்டவனையே ஓட்ட வைத்து. இதை எத்தனை பேரிடம் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறேன் தெரியுமா? உன்னிடம்தான் சொல்லவில்லை.

பக்கத்துக் காலி மனையில் சமதரையில் நிறுத்தினோம். முன்சக்கரங்களுக்குச் செங்கல் வைத்து, பின்பக்கம் ஜாக்கி போட்டுத் தாங்கியில் உட்கார வைத்து, முதலில் நான் இறுக்கின கேபிளை முழுக்கத் தளர்த்தினேன். சக்கரங்களைக் கழற்றினதும், பிரேக்கை மூடியிருக்கிற வலது டிரம் ரெண்டு தட்டுக்கு வந்துவிட்டது. இடது வரவில்லை. சுற்றிச் சுற்றித் தட்டி, டிரம்மில் இருக்கிற ரெண்டு ஓட்டையில் போல்ட்டை முறுக்கி நெம்பித்தான் கழற்றினேன். உள்ளே பார்த்ததும் எனக்கு முகம் சுருங்கிவிட்டது. கேபிள் இழுத்தால், டிரம்மை உள்ளிருந்து பிடிக்கிற ஷூவைத் தள்ளுகிற சின்ன லீவர் துருப்பிடித்து, போன இடத்திலேயே நின்றிருந்தது. திரும்பி வரவே இல்லை. ஷூ மேல் ஒட்டின லைனர் தேயத் தேய ஷூவை வெளியே நகர்த்த வேண்டிய பல்சக்கரம் தூசியில் இறுகிக் கிடந்தது. அதனால்தான் லீவர் பத்துப் பல் ஏறியிருக்கிறது. கை வைக்க வேண்டியது அங்கே. முதலில் ஷூ, கடைசியில் கேபிள். டிப்ளமா பரீட்சையில் நானே எழுதி மார்க் வாங்கின வரிசை. பத்து நிமிஷத்தில் முடிக்கிற அவசரத்தில், ஷூ மூடாத இடைவெளியைக் கேபிளால் இழுத்து மூடினேன். பிடித்தது. விடத்தான் இல்லை.

நிழலுக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். "அப்ப புகை வந்தது இவரால இல்ல?"

"இல்ல."

"யாரால?"

நான் உப்புத்தாளைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

"படிச்சவரு கை வெச்சதால" என்று அவளே முடித்தாள். "இருபது கிலோமீட்டர் நெருப்பு மேல ஒக்காந்துகினு போயிருக்கேன். தீ மிதிக்கத் தனியா ஆடி மாசம் எதுக்கு?"

நீதான் காப்பாற்றினாய். "சரி வுடு. ஆல்டர் வராத லைனு எந்தக் கம்பெனில கீது?"

தூசியை ஊதாதே என்று உன்னைத் தடுத்து ஈரத்துணியால் துடைத்தேன். துருவைத் தேய்த்து எடுத்து, லீவர் திரும்புகிற இடத்திலும் ஷூ உரசுகிற தகட்டிலும் மட்டும் பொட்டு வைக்கிற அளவு சூடு தாங்கும் கிரீஸ். லைனரின் பளபளப்பை உப்புத்தாளில் நீ எடுத்தாய், வலதும் இடதும் ஒரே நிறம் வரும்வரை. டிரம்மையும் சக்கரத்தையும் மாட்டி, பல்சக்கரத்தைத் திருகி, சக்கரம் லேசாக உரசினதும் கொஞ்சம் பின்வாங்கினேன். பெடலை நாலைந்து தடவை மிதித்து ஷூவை நடுவில் உட்கார வைத்தேன். எல்லாம் முடிந்தபிறகுதான் கேபிள். ஐந்து பல்லில் பிடித்தது.

"கீழ எறக்கு" என்றாய். லீவரை இறக்கினேன். நீ வலது சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டு எண்ணினாய். மூன்று சுற்று. இடதுக்கு வந்து சுற்றினாய். மூன்று சுற்று. மறுபடி ரெண்டையும் சுற்றினாய், நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அதன் பிறகுதான் அந்தச் சிவப்பு அம்பை நகத்தால் கிளப்பிப் பிய்த்தாய்.

"பாஸு."

நான் கம்பெனியில் வாங்கின எந்தச் சான்றிதழும் அதற்கு ஈடாகாது. சாவியை உன் கையில் தர எனக்குக் கூச்சமாக இருந்தது. வண்டியிலேயே மாட்டிவிட்டு, "சனிக்கெழம மழை வரும், பாத்துப் போ" என்று மட்டும் சொன்னேன். மன்னிப்பு என்று நீ அதை எடுத்துக்கொண்டாயா? எடுத்துக்கொண்டாய் என்றுதான் நினைக்கிறேன். சனிக்கிழமை வேப்பம்பட்டு போய்ச் சேர்ந்ததும் எனக்குப் போன் செய்து, வணக்கம்கூடச் சொல்லாமல், "ரெண்டும் ஒண்ணா கீது" என்று சொல்லி வைத்துவிட்டாய். அதற்கப்புறம் எல்லாச் சனிக்கிழமையும் அந்தப் போன் வந்தது.

ஒன்றில் மட்டும் நாம் கடைசிவரை ஒத்துப்போகவில்லை. மழையில் நனைந்த வண்டியை ஹேண்ட்பிரேக் போட்டு நாள்கணக்கில் நிறுத்தாதே, ஷூ டிரம்மோடு துருவில் ஒட்டிக்கொள்ளும், முதல் கியரில் போட்டுப் பின்சக்கரத்துக்குக் கல் வை என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். "கல்லு வெக்கறதுக்கு இன்னா மாட்டு வண்டியா வாங்கினேன்? பிரேக்குனு ஒண்ணு எதுக்கு கீது?" என்றாய். கேட் நெளிந்தது உனக்கு மறக்கவில்லை. நான் கத்தினேன், நீயும் கத்தினாய். அத்தோடு விட்டுவிட்டேன்.

போன ஐப்பசி மழையில் காய்ச்சல் வந்து நாலே நாளில் போய்விட்டாய். வண்டியை எடுக்க அம்மா விடவில்லை. "அவரு நிறுத்தின மாதிரியே நிக்கட்டும்." மழை முழுக்க அது உறையோடு சாய்விலேயே நனைந்தது. பின்சக்கரம் ரெண்டும் கல்லாக ஒட்டியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

நேற்று அந்த வெள்ளைக் காரை அனுப்பிவிட்டு நேராக வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன், நாளைக்கு வண்டியைத் தொடப் போகிறேன் என்று. அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். இன்று காலை ஜாக்கி, சுத்தியல், டிரம் நெம்புகிற போல்ட் எல்லாவற்றையும் வாசலில் பரப்பிவிட்டு உறையை விலக்கினேன்.

ரெண்டு பின்சக்கரத்துக்கும் பின்னால் ஆளுக்கொரு அரைச் செங்கல். ரெண்டும் ஒரே உயரம். டயரில் கீறாமலிருக்கக் கட்டிங் வேஸ்ட் துணியைச் சுற்றித் தைத்திருந்தாய். கதவைத் திறந்தேன். முதல் கியர். ஹேண்ட்பிரேக் லீவர் முழுக்க இறங்கிக் கிடந்தது.

அம்மா கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "மழ ஆரம்பிச்ச அன்னிக்கே வெச்சிட்டாரு. பிரேக்கு விசயத்துல அவன் சொன்னா சரியாத்தான் இருக்கும்னாரு. ஆனா அவன்கிட்ட சொல்லிடாதடி, தலைமேல ஏறி ஒக்காந்துக்குவான்னாரு."

கியரில் இருக்கும்போதே கல்லைப் பெயர்த்து எடுத்தேன். அம்மாவைக் கேட்டிலிருந்து தள்ளி நிற்கச் சொல்லி, உள்ளே உட்கார்ந்து, பிரேக் பெடலை மிதித்துக் கியரை எடுத்துவிட்டுக் கொஞ்சமே கொஞ்சம் காலைத் தூக்கினேன். வண்டி பின்னுக்கு உருண்டது. ஒரு முனகல் இல்லை, ஒரு இழுப்பு இல்லை. ஒருகாலத்தில் எது நம்மைப் பயமுறுத்தியதோ அதே உருளல். லீவரை இழுத்தேன். ஐந்தாவது பல்லில் நின்றது. கொண்டு வந்த சுத்தியலுக்கு வேலையே இல்லை. பேட்டரி மட்டும் செத்திருந்தது, பக்கத்து வீட்டு வண்டியிலிருந்து ஒயர் போட்டுக் கிளப்பிக்கொண்டேன்.

இதை வேப்பம்பட்டில், பெரியம்மா வீட்டு வாசலில், உன் ஸ்டியரிங்கில் நோட்டைச் சாய்த்து எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமையில் வந்ததற்குப் பெரியம்மா ஏதோ சொல்ல, அம்மா அதற்கு ரெண்டு மடங்கு சொல்லிக்கொண்டிருக்கிறாள். செங்கல் ரெண்டும் டிக்கியில் இருக்கின்றன. ஸ்டிக்கர் தாளில் இன்னும் பதினொரு அம்பு மிச்சம். கண்ட இடத்தில் ஒட்ட மாட்டேன்.

வந்து நிறுத்தினதும் இறங்கிப் போய் வலது பின்சக்கரத்தில் புறங்கையை வைத்தேன். சுற்றி வந்து இடதில் வைத்தேன். அம்மா சீட்டிலிருந்து இறங்காமல் காத்திருந்தாள். சனிக்கிழமைகளில் அப்படிக் காத்திருந்து பழக்கம் போலிருக்கிறது.

"இன்னாடா?" என்றாள்.

"ரெண்டும் ஒண்ணா கீது."

அதற்கப்புறம்தான் இறங்கினாள்.